ஆரம்பகால அமெரிக்காவில் யாருக்காக யார் பேசினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தேர்தல் வந்துவிட்டால் போதும், அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்றார், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஏன் ஒரே மாதிரி இரண்டு செனட்டர்கள் என்ற கேள்விகள் வரிசையாக வரும். பதில்கள் எல்லாம் 1619இல் தொடங்கி 1812 வரைக்குமான காலத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தை எவ்வளவு படித்தாலும் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான்: சண்டை எல்லாமே யாரைக் கணக்கில் சேர்ப்பது, யாரைப் பேச விடுவது என்பதைப் பற்றியது. இந்த இரண்டும் ஒன்றல்ல. கணக்கில் மட்டும் சேர்க்கப்பட்டு, வாயைத் திறக்க உரிமை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் போவோம்.

அமெரிக்க மண்ணில் முதல் சட்டசபை எப்போது கூடியது?

ஐரோப்பியக் குடியேறிகளின் கணக்கில் சொன்னால் 1619 ஜூலை 30. இடம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் தேவாலயம். குடியிருப்புகளும் பெருந்தோட்டங்களும் சேர்ந்து 22 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பின, ஆளுநரும் அவருடைய ஆலோசனைக் குழுவும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். கடுமையான வெயிலும் நோயும் வாட்டின, உறுப்பினர் ஒருவர் கூட்டம் நடக்கும்போதே இறந்துபோனார், ஆகஸ்ட் 4ஆம் தேதியோடு கலைந்துவிட்டார்கள். குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனி இதை அனுமதித்ததற்குக் காரணம் ஜனநாயக ஆசை அல்ல. நஷ்டத்தில் ஓடிய குடியேற்றத்துக்கு ஆள் வரவேண்டும், வருபவர்களுக்கு ஏதாவது ஓர் உரிமை தரவேண்டும் என்ற கணக்கு. இருந்தாலும் அந்தச் சபை நிலைத்துவிட்டது.

அதே 1619இன் ஆகஸ்ட் கடைசியில், அதே வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் துறையில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உணவுப் பொருளுக்கு மாற்றாக விற்கப்பட்டார்கள். முதல் சட்டசபைக்கும் இதற்கும் இடையில் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த இரண்டையும் தனித்தனி வரலாறாகப் படிக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

குடியேற்றக் காலத்தில் யாரெல்லாம் ஓட்டுப் போட்டார்கள்?

பெரும்பாலும் சொத்து வைத்திருந்த வெள்ளை ஆண்கள். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் ஒவ்வொரு விதி. வர்ஜீனியாவில் 1736ஆம் ஆண்டுச் சட்டப்படி வெறும் நிலமாக இருந்தால் 100 ஏக்கர், வீடு கட்டிப் பயிர் வைத்த நிலமாக இருந்தால் 25 ஏக்கர் வேண்டும். நிலம் தாராளமாகக் கிடைத்த நாடு என்பதால் இங்கிலாந்தைவிட இங்கே ஓட்டுரிமை பெற்ற ஆண்களின் விகிதம் அதிகம், அதை மறுக்க முடியாது.

வர்ஜீனியாவில் ரகசிய ஓட்டு கிடையாது. ஷெரிஃப் முன்னால் நின்று, வேட்பாளரும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடன் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு யாருக்குச் சொல்ல முடியும்? தேர்தல் நாளில் குடிக்கக் கொடுப்பதும் வழக்கம்தான். 1758இல் ஃபிரெடெரிக் கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்றது) போட்டியிட்ட ஜார்ஜ் வாஷிங்டன் படையில் இருந்ததால் ஊருக்கே வரவில்லை, ஆனால் அவர் சார்பில் நண்பர்கள் ரம், ஒயின், பியர், சைடர் என்று நூறு காலனுக்கும் மேல் ஊற்றினார்கள். ஜெயித்தார். அதுதான் அவர் வென்ற முதல் தேர்தல்.

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்றால், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இடம் கேட்டார்களா?

இல்லை. இது பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரிகை, நீதிமன்றக் காகிதம், சீட்டுக்கட்டு, பகடை என்று எல்லாவற்றுக்கும் வரி. அந்த அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடித் தீர்மானம் போட்டபோது, நாங்கள் பிரிட்டிஷ் மக்கள் சபையில் பிரதிநிதித்துவம் பெறவும் இல்லை, எங்கள் இருப்பிடத்தால் பெறவும் முடியாது என்றே எழுதினார்கள். கடல் தாண்டி நாலு பேரை அனுப்பிவிட்டால் மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன பேசுவார்கள்? ஆகவே அவர்கள் சொன்னது இதுதான்: எங்கள் மேல் வரி போட எங்கள் ஊர்ச் சபைக்கு மட்டுமே அதிகாரம்.

லண்டனின் பதில் வேறு மாதிரி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் பேரரசு முழுவதற்கும் சேர்த்துத்தான் பேசுகிறார், ஓட்டே போடாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, மான்செஸ்டர்காரர்களுக்கும் பர்மிங்காம்காரர்களுக்கும் தனி உறுப்பினர் இல்லையே, அவர்கள் வரி கட்டவில்லையா என்றார்கள். மான்செஸ்டர் போன்ற ஊருக்கு இடமில்லாத அதே நாடாளுமன்றத்தில், குடியிருக்க ஆளே இல்லாத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். 1832 வரை அது நீடித்தது. அமெரிக்கர்கள் கேட்டது நியாயமான கேள்வி: மான்செஸ்டருக்கு இடமில்லை என்றால் அது மான்செஸ்டருக்கு நடந்த அநியாயம், எங்களுக்கும் அதையே செய்ய அது எப்படிக் காரணமாகும்?

தேயிலையைக் கடலில் கொட்டிய கதைக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாஸ்டனில் 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, சென்னைக் கோட்டையில் இருந்து ஆண்ட அதே கம்பெனி. தேயிலை சீனாவிலிருந்து வந்தது என்றாலும், கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்ததற்கு இந்தியாவில் நடத்திய போர்ச் செலவும், 1770இல் உச்சம் தொட்ட வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகான வருமானச் சரிவும் முக்கியக் காரணங்கள். அதைக் காப்பாற்றத்தான் 1773இன் தேயிலைச் சட்டம். இன்னொரு தொடர்பு: 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் தோற்ற தளபதி கார்ன்வாலிஸ், பிறகு இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து, 1792இல் திப்பு சுல்தானைத் தோற்கடித்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனி வசம் கொண்டுவந்தார்.

1774இல் கூடிய காண்டினென்டல் காங்கிரஸ் ஓர் அரசாங்கமா?

தொடக்கத்தில் இல்லை. செப்டம்பர் 5ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஜார்ஜியாவைத் தவிர 12 குடியேற்றங்களின் ஆட்கள் கூடினார்கள். முதல் சிக்கலே ஓட்டை எப்படி எண்ணுவது என்பதுதான். பெரிய குடியேற்றத்துக்கு அதிக ஓட்டா, எல்லாருக்கும் ஒன்றா? யாரிடமும் நம்பத்தகுந்த மக்கள்தொகைக் கணக்கு இல்லை. சரி, இப்போதைக்குக் குடியேற்றத்துக்கு ஒரு ஓட்டு என்று முடிவு செய்து, இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துக் குறித்துவைத்தார்கள். ஆனால் அந்தத் தற்காலிக ஏற்பாடுதான் 13 ஆண்டு ஓடியது, இன்றைய செனட்டின் வேரும் அதில் இருக்கிறது.

1775 மே மாதம் இரண்டாவது காங்கிரஸ் கூடியபோது போர் தொடங்கிவிட்டது. படை திரட்டுவது, வாஷிங்டனைத் தளபதியாக்குவது, பணம் அச்சடிப்பது, வெளிநாட்டோடு பேசுவது என்று ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. 1776 ஜூலை 2 அன்று சுதந்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், 4ஆம் தேதி பிரகடனத்தை ஏற்றார்கள். எந்தச் சாசனமும் இல்லாமல் நடந்த ஆட்சி அது.

கூட்டமைப்பு விதிகள் ஏன் தோற்றன?

1777 நவம்பரில் எழுதி முடித்து, மேரிலாந்து கடைசியாகக் கையெழுத்திட்ட 1781 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த முதல் சாசனம் இது. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, முக்கியமான விஷயத்துக்கு ஒன்பது மாநிலங்கள் ஒத்துவரவேண்டும், திருத்தம் செய்ய 13ம் ஒத்துவரவேண்டும். வரி போடும் அதிகாரம் கிடையாது, மாநிலங்களிடம் கேட்டு வாங்கவேண்டியதுதான். 1781இல் இறக்குமதிக்கு 5 சதவீத வரி போடலாம் என்றபோது, ரோட் ஐலண்ட் என்ற ஒரே மாநிலம் 1782இல் மறுத்தது, திட்டம் செத்தது. 1783 ஜூனில் சம்பளம் வராத படைவீரர்கள் ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தையே சூழ்ந்தார்கள், உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்குப் போய்க் கூடவேண்டியதாயிற்று. பிரிட்டனோடு போட்ட சமாதான உடன்படிக்கையை ஏற்கக்கூட ஒன்பது மாநிலங்களின் ஆட்கள் வந்து சேரும்வரை 1784 ஜனவரி நடுவரை காத்திருந்தார்கள்.

ஆனால் அதை வெறும் தோல்வி என்று ஒதுக்குவது சரியில்லை. பிரதிநிதிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்கவில்லை என்றால் நடுவில் திரும்ப அழைத்துக்கொள்ளலாம், ஆறு ஆண்டில் மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவர் உட்கார முடியாது. பிரதிநிதியை மக்களின் பிடியில் வைத்திருக்கும் விஷயத்தில் பிறகு வந்த சாசனத்தைவிட இது கறாரானது. புதிய நிலப்பகுதிகளை அடிமைப்படுத்தாமல் சம உரிமை உள்ள மாநிலங்களாக்கும் 1787ஆம் ஆண்டு வடமேற்குச் சட்டத்தை நிறைவேற்றியதும் இந்தக் காங்கிரஸ்தான்: 5,000 சுதந்திர ஆண்கள் சேர்ந்தால் சட்டசபை, 60,000 பேர் சேர்ந்தால் மாநிலம், ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது. அந்த நிலம் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் கூடவே சொல்லவேண்டும்.

முதல் அதிபர் வாஷிங்டன் இல்லை, ஜான் ஹான்சன் என்கிறார்களே?

கூட்டமைப்பு விதிகளின்படி முழுதாக ஓராண்டு காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய முதல் ஆள் ஹான்சன், 1781 நவம்பரில் பொறுப்பேற்றார். அது கூட்டத்தை நடத்தும் தலைவர் பதவி. ஆட்சி செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விதிகள் நடைமுறைக்கு வந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர்கூட அவர் இல்லை, சாமுவேல் ஹன்டிங்டன். ஆக வாஷிங்டனே முதல் அதிபர்.

1787இல் புதிய சாசனம் எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் யார்? மக்கள் தேர்ந்தெடுத்தவர்களா?

மாநிலச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தவர்கள். மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, மொத்தம் 55 பேர் வந்துபோனார்கள், கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. ஜெஃபர்சன் பாரிஸில், ஜான் ஆடம்ஸ் லண்டனில் தூதர்களாக இருந்ததால் வரவில்லை. வக்கீல்கள், வணிகர்கள், பெரிய நிலக்காரர்கள். ஏறக்குறைய 25 பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். முந்தின குளிர்காலத்தில்தான் மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் போன்றவர்கள் தலைமையில் நீதிமன்றங்களை மறித்து, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனார்கள். அந்தப் பயம் மண்டபத்தில் இருந்த எல்லார் மனதிலும் இருந்தது, ஆனால் அந்த விவசாயிகளில் ஒருவர்கூட மண்டபத்தில் இல்லை.

பேச்சு முழுக்க ரகசியம். கோடையிலும் ஜன்னல்கள் மூடி, வாசலில் காவல். வெளியே தெரிந்தால் யாரும் மனம் மாற்றிக்கொள்ளத் தயங்குவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் எழுதிவைத்த விரிவான குறிப்புகள் 1840இல்தான் அச்சானது. தங்களுக்காக என்ன பேரம் நடந்தது என்பதை ஒரு தலைமுறைக்கும் மேலாக மக்கள் முழுதாக அறியவில்லை.

ஏன் இரண்டு சபை? ஏன் ஒரு சபையில் மட்டும் எல்லா மாநிலமும் சமம்?

மேடிசன் தயாரித்த வர்ஜீனியாத் திட்டம் இரண்டு சபையிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் கேட்டது. நியூஜெர்சித் திட்டம் பழையபடி மாநிலத்துக்கு ஒரு ஓட்டு கேட்டது. வர்ஜீனியாவில் டெலவேரைப் போல பன்னிரண்டு மடங்கு மக்கள். மேடிசனும் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சனும் நியாயத்தைப் பேசினார்கள்: பிரதிநிதி மனிதர்களுக்கா, எல்லைக்கோடுகளுக்கா? டெலவேரின் கன்னிங் பெட்ஃபோர்டு, எங்களை நசுக்கப் பார்த்தால் கைகொடுக்கும் வெளிநாட்டு நண்பரைத் தேடிக்கொள்வோம் என்ற அளவுக்குப் போனார்.

கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் முன்வைத்த நடுவழி ஜூலை 16 அன்று ஐந்துக்கு நான்கு என்ற மாநில ஓட்டில் தப்பிப் பிழைத்தது. மாசசூசெட்ஸ் ஆட்கள் இரண்டாகப் பிரிந்ததால் அதன் ஓட்டே விழவில்லை. கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை மக்கள்தொகைப்படி, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். என்னைக் கேட்டால் வில்சன் சொன்னதுதான் சரி. ஆனால் இந்த விட்டுக்கொடுத்தல் இல்லையென்றால் கூட்டமே கலைந்திருக்கும் என்பதும் உண்மை.

அடிமைகளை "ஐந்தில் மூன்று பங்கு மனிதர்" என்று கருதினார்கள் என்பது சரியா?

பாதி சரி, ஆனால் அப்படிச் சொன்னால் உள்ளே இருக்கும் அநியாயம் பிடிபடாது. அடிமையாக இருந்தவருக்கு ஐந்தில் மூன்று ஓட்டெல்லாம் கிடையாது, ஓட்டே கிடையாது. கேள்வி வேறு: ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது அங்கிருக்கும் அடிமைகளை எண்ணுவதா? தெற்கத்திக்காரர்கள் முழுதாக எண்ணச் சொன்னார்கள், வடக்கே பலர் எண்ணவே கூடாது என்றார்கள். முழுதாக எண்ணச் சொன்னவர்களே அவர்களைப் பூட்டிவைத்தவர்கள். எண்ண எண்ண எஜமானர்களுக்குத்தான் பலம். 1783இல் மாநிலங்களின் வரிப்பங்கைக் கணக்கிட யோசித்த ஐந்தில் மூன்று என்ற விகிதத்தை எடுத்து இங்கே ஒட்டவைத்தார்கள்.

இதன் பலனை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 7,47,610, அதில் அடிமைகள் 2,92,627. பென்சில்வேனியாவில் 4,34,373 பேர், அதில் அடிமைகள் 3,737. சுதந்திர மக்களை மட்டும் எடுத்தால் வர்ஜீனியாவில் சுமார் 4.55 லட்சம், பென்சில்வேனியாவில் சுமார் 4.31 லட்சம், ஏறக்குறைய சமம். ஆனால் அதன் பிறகு வந்த பங்கீட்டில் பென்சில்வேனியாவுக்கு 13 இடம், வர்ஜீனியாவுக்கு 19. அந்தக் கூடுதல் இடங்களில் பெரும்பாலானவை வாய் பேச அனுமதிக்கப்படாதவர்களின் தலைகளை எண்ணி வந்தவை, அந்த இடங்களில் உட்கார்ந்தவர்கள் அவர்களின் விலங்கைக் கெட்டிப்படுத்தச் சட்டம் போட்டார்கள். 1793லேயே தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டம் வந்தது.

அதிபர் தேர்வும் இந்த இட எண்ணிக்கையை வைத்துத்தான் என்பதால் தெற்குக்கு அங்கேயும் ஆதாயம். 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவின் அடிமை உடைமையாளர்களே அதிபர்கள். அமெரிக்க ஆரம்பகால ஆட்சியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஏன் விடவில்லை?

வில்சன் நேரடித் தேர்தலைக் கேட்டார், எடுபடவில்லை. பாமரர்களுக்குத் தூரத்து வேட்பாளர்களைத் தெரியாது என்று சிலர், பெரிய மாநிலம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர். மேடிசன் ஜூலை 19 அன்று உள்ளதைச் சொன்னார்: மக்கள் ஓட்டு நல்ல வழிதான், ஆனால் வடக்கில் ஓட்டுரிமை பரவலானது, தெற்கில் அடிமைகளால் தேர்தலில் எந்தப் பலனும் கிடைக்காது, அதிபரைத் தேர்ந்தெடுக்கவென்றே தனி ஆட்களை வைக்கும் தேர்வாளர்கள் முறையில் அந்தச் சிக்கல் குறைவு. கடைசியில் மாநிலத்தின் பிரதிநிதிகள் எண்ணிக்கையோடு இரண்டு செனட்டரைக் கூட்டினால் வரும் அளவு தேர்வாளர்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது மாநிலச் சட்டசபையின் விருப்பம் என்று முடித்தார்கள். தென் கரோலினாவில் 1860 வரை மக்கள் அதிபருக்காக ஓட்டுப் போட்டதே இல்லை, சட்டசபையே தேர்வாளர்களை நியமித்தது.

செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்களா?

1913 வரை இல்லை, மாநிலச் சட்டசபைகள்தான். முதல் ஆறு ஆண்டுகள் செனட் கதவை மூடிக்கொண்டு கூடியது, 1795 டிசம்பரில்தான் பார்வையாளர் மாடம் திறந்தது.

சாசனத்தை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி, ஜார்ஜ் மேசன் போன்றவர்களின் முக்கியமான குறை, உரிமைகள் பட்டியல் இல்லை என்பது. அடுத்தது பிரதிநிதிகளின் எண்ணிக்கை. முதல் சபைக்கு வெறும் 65 இடம், ஏறக்குறைய 40 லட்சம் மக்களுக்கு. இவ்வளவு பெரிய தொகுதியில் பணக்காரரும் பெயர் பெற்றவரும்தான் ஜெயிப்பார்கள், சாதாரண விவசாயியின் கஷ்டம் தெரிந்த ஆள் உள்ளே வரவே முடியாது என்றார்கள். அவர்கள் தோற்ற தரப்பு என்பதால் இந்த வாதம் மறந்துபோய்விட்டது, ஆனால் மிகச் சரியான வாதம். 1787 கூட்டத்தின் கடைசி நாளில் 40,000 பேருக்கு ஒருவர் என்ற உச்சவரம்பை 30,000 ஆக்கலாம் என்று கோரிக்கை வந்தபோது, அதுவரை விவாதத்தில் வாயே திறக்காத வாஷிங்டன் எழுந்து ஆதரித்தார், உடனே நிறைவேறியது.

ஒப்புதல் வாங்குவது எளிதாக நடக்கவில்லை. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27, கடைசியாக 1790 மே மாதம் ரோட் ஐலண்டில் 34க்கு 32. எதிர்ப்பாளர்களின் அழுத்தம் இல்லாமல் 1791இன் உரிமைகள் சாசனம் வந்திருக்காது. காங்கிரஸ் அப்போது அனுப்பிய திருத்தங்கள் 12, ஏற்கப்பட்டவை 10. விடுபட்ட இரண்டில் ஒன்று பிரதிநிதிகள் சபையின் அளவைப் பற்றியது, இன்றுவரை நிறைவேறவில்லை. மற்றது உறுப்பினர்கள் சம்பளம் பற்றியது, அது 1992இல் போதுமான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டு 27ஆவது திருத்தமாகிவிட்டது!

பெண்கள் ஓட்டுப் போட்டதே இல்லையா?

நியூஜெர்சியில் போட்டார்கள். 1776இன் மாநிலச் சாசனம் 50 பவுண்டு சொத்துள்ள "எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும்" ஓட்டு என்றது. மணமான பெண்ணின் சொத்து கணவன் பெயருக்குப் போய்விடும் என்பதால் விதவைகளும் மணமாகாதவர்களும் போட்டார்கள், சுதந்திரக் கறுப்பினத்தவரும் போட்டார்கள். 1807இல் சட்டம் போட்டு இருவரையும் நீக்கினார்கள். பென்சில்வேனியா 1838இல், வட கரோலினா 1835இல் சுதந்திரக் கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறித்தன. உரிமை மெல்ல மெல்ல விரிந்துகொண்டே வந்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். கையில் இருந்ததைப் பிடுங்கிய கதையும் உண்டு, வெள்ளை ஆண்களுக்குச் சொத்து நிபந்தனை தளர்ந்த அதே ஆண்டுகளில்.

பழங்குடி மக்களுக்குப் பிரதிநிதித்துவம் இருந்ததா?

வாக்குறுதி இருந்தது. 1778இல் லெனாப்பே மக்களோடு போட்ட ஒப்பந்தம், நட்பான பழங்குடிகள் சேர்ந்து ஒரு மாநிலமாகிக் காங்கிரஸில் பிரதிநிதி வைக்கலாம் என்றது. 1785இல் செரோக்கிகளுக்குக் காங்கிரஸுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை எழுதிக்கொடுக்கப்பட்டது. 1835 ஒப்பந்தமும் அதை மறுபடி சொன்னது. 2019இல் செரோக்கி நாடு ஒருவரை நியமித்தபோதும் அவரை உடனே சபையில் அமர்த்தவில்லை.

ஹோடனோஷோனி என்கிற இரோக்வாய் கூட்டமைப்பைப் பார்த்துத்தான் சாசனம் எழுதினார்கள் என்று ஒரு கருத்து உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1751இல் எழுதிய கடிதத்தில் அவர்களால் ஒன்றுபட முடியும்போது நம்மால் ஏன் முடியாது என்று கேட்டார், அது பதிவில் உள்ளது. ஆனால் 1787 விவாதக் குறிப்புகளில் நேரடியாக எடுத்தாண்டதற்குச் சான்றில்லை. அவர்களிடம் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் குலத்தாய்மார்கள் கையில். அந்தப் பகுதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வாஷிங்டனின் தலைமையில் உண்மையில் என்ன சிறப்பு?

அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததுதான். 1783 டிசம்பரில் தளபதிப் பொறுப்பைக் காங்கிரஸிடமே திருப்பிக் கொடுத்தார், 1796இல் மூன்றாவது முறை வேண்டாம் என்று விலகினார். 1789இல் 69 தேர்வாளர்களும் ஒருமனதாக ஓட்டளித்து வந்த மனிதர், விரும்பியிருந்தால் சாகும்வரை இருந்திருக்கலாம். அவரை எப்படி அழைப்பது என்று செனட்டில் வாரக்கணக்கில் விவாதம் நடந்து, "மேன்மை தங்கிய" வகையில் நீளமான பட்டம் ஒன்று பரிந்துரைக்கப்பட்டது, பிரதிநிதிகள் சபை ஒத்துக்கொள்ளாததால் "திரு. அதிபர்" என்று நின்றது. 1792 ஏப்ரலில் அவர் போட்ட முதல் வீட்டோ இடப் பங்கீட்டு மசோதா மீதுதான்: சில மாநிலங்களுக்கு 30,000க்கு ஒருவர் என்ற வரம்பை மீறி இடம் கொடுத்திருந்தார்கள்.

அதே மனிதர் ஃபிலடெல்ஃபியாவில் அதிபராக இருந்தபோது, ஆறு மாதம் தங்கினால் அடிமை விடுதலை கேட்கலாம் என்ற பென்சில்வேனியாச் சட்டத்தைத் தவிர்க்க, தன் வீட்டு அடிமைகளை அவ்வப்போது மாநிலத்துக்கு வெளியே அனுப்பி அழைத்துவந்தார். 1796 மே மாதம் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போனார், வாஷிங்டன் ஆள்விட்டுத் தேடியும் திரும்பவில்லை. இதைச் சொல்லாமல் முந்தைய பத்தியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது.

1800 தேர்தலில் ஏன் அவ்வளவு குழப்பம்?

ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு ஓட்டு, அதிகம் வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சிகள் வராது என்று நினைத்து எழுதிய விதி. கட்சிகள் வந்துவிட்டன, ஜெஃபர்சனின் கட்சி தேர்வாளர்கள் எல்லாரும் அவருக்கும் ஆரன் பர்ருக்கும் ஓட்டுப் போட, ஆளுக்கு 73 என்று சமமாகிவிட்டது. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய், 36 சுற்று ஓட்டெடுப்புக்குப் பிறகு 1801 பிப்ரவரி 17 அன்று ஜெஃபர்சன் வென்றார். 1804இல் 12ஆவது திருத்தம் அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனி ஓட்டு ஆக்கியது. தோற்ற அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸ் 65 ஓட்டு வாங்கியிருந்தார். ஐந்தில் மூன்று கணக்கு இல்லாமலிருந்தால் அவரே ஜெயித்திருப்பார் என்று பல வரலாற்றாசிரியர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தொகுதியைக் கட்சிக்கு வசதியாக வெட்டுவது எப்போது தொடங்கியது?

1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட கோணல்மாணலான தொகுதியால்தான் "ஜெர்ரிமாண்டரிங்" என்று அவர் பெயர் அதற்கு நிலைத்தது. ஆனால் பழக்கம் அதற்கும் முந்தியது. முதல் காங்கிரஸ் தேர்தலிலேயே, பேட்ரிக் ஹென்றியின் செல்வாக்கில் இருந்த வர்ஜீனியாச் சட்டசபை மேடிசனைத் தோற்கடிக்கும் நோக்கத்தோடு எதிர்ப்பாளர்கள் நிறைந்த கவுண்டிகளை அவர் தொகுதியில் சேர்த்தது, எதிரே ஜேம்ஸ் மன்ரோ நின்றார். மேடிசன் பனியில் ஊர் ஊராகப் போய், உரிமைகள் பட்டியலைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்து, 336 ஓட்டில் ஜெயித்தார்.

பிரதிநிதிகள் சபையின் 435 சாசனத்தில் உள்ள எண்ணா?

இல்லை, சாதாரணச் சட்டத்தில் உள்ளது. 1911இல் போட்டு, 1929இல் நிலைப்படுத்தியது. அதுவரை மக்கள் பெருகப் பெருகச் சபையும் பெரும்பாலும் வளர்ந்தது. இன்று ஒருவர் சராசரியாக ஏழரை லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார், 30,000 என்பதே அதிகம் என்று 1788இல் சண்டை போட்டவர்கள் இருந்த நாட்டில்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதலில் சாசனத்தையே படியுங்கள், ஒரே அமர்வில் முடியும். அதில் ஏறக்குறைய பாதி, காங்கிரஸைப் பற்றிய முதல் கூறு. அப்புறம் மேடிசனின் குறிப்புகளில் 1787 ஜூலை 9 முதல் 19 வரை மட்டும் படித்தால்கூடப் போதும், மேலே சொன்ன பேரங்களில் பெரும்பகுதி அந்தப் பத்துநாளில் இருக்கிறது. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.